இரைச்சலோடு பதிவு செய்யவும்

முசே அந்துவான் இறந்துபோன செய்தி வந்தபோது நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்காகக் கேசட் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் வாத்தியார் கடை வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். பத்து வருடம் மில்லில், தறிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே இருக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேச்சும் கேட்காது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். அந்த வித்தை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். வாத்தியாரின் உதட்டைப் பார்த்தேன், புரிந்துவிட்டதாகத் தலையாட்டினேன். "வியாழக்கிழமை ரெடியா இருக்கும் சார், சாயங்காலமா வந்து வாங்கிக்குங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. உள்ளே வந்து ஹெட்போனைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏகாம்பரம், முசே போயிட்டாருய்யா. காலைல காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவரு எழுந்திரிக்கல. நாளைக்கு எடுக்கறாங்க" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அடக்கமாகப் போகிற மனிதருக்கு வியாழக்கிழமை தவணை சொல்லியிருக்கிறேன். வாத்தியார் பெருந்தன்மையானவர், இதை வெளியில் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முசேவிடம் சொல்ல முடிந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

அவரோடு பழகிய உங்களில் பலருக்கு அவரைப் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆளாகத்தான் தெரியும். பிரெஞ்சு மரியாதைப்படி ஊருக்கெல்லாம் அவர் முசே, அவர் மனைவி மதாம். குருசுக்குப்பத்தில் "சொல்தா வீடு", அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். காலையில் தொப்பி வைத்துக்கொண்டு கடற்கரையில் நடப்பார், ரொட்டிக்கடையில் வம்பளப்பார், மதாம் சொன்னதில் பாதியை மறந்துவிட்டு வீடு திரும்புவார். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் பட்டாளத்தில் இருந்துவிட்டு எழுபத்து மூன்றில் ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் கொண்டுவந்ததுபோலச் சென்ட்டும் கடிகாரமும் அவர் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு கொண்டுவந்தார். "சுங்கத்துல தொறந்து பாத்துட்டு, பாவம் இந்த ஆளு, எவனோ ஏமாத்திட்டான்னு நெனச்சு விட்டுட்டாங்க" என்பார்.

அந்தப் பெட்டியில் இருந்தது அமெரிக்காவின் கறுப்பு மக்கள் வாசிக்கும் ஒருவகை ஜாஸ். சோல் ஜாஸ் என்று பெயர். பிரான்சில் அவர் வேலை பார்த்த ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படையின் முகாம் ஒன்று இருந்திருக்கிறது. அங்கே சமையல்கூடத்தில் இருந்த கறுப்பர் ஒருவர் இவருக்குச் சிநேகிதர். இவர் கோழிக் குழம்பு வைத்து எடுத்துப் போவார், அவர் ஒரு இசைத்தட்டு கொடுப்பார். முகாமைக் காலி செய்துகொண்டு போகிறபோது, தூக்கிப் போக முடியாததையெல்லாம் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார் அந்தச் சிநேகிதர். அதனால் முசேவின் தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழம்பின் பெயர் உண்டு. "இது எறா போட்ட நாளு வந்தது" என்று சொல்லித்தான் உறையிலிருந்து எடுப்பார்.

எண்பத்தொன்றாம் வருடம் அவர் முதன்முதலாக என் கடைக்கு வந்தார். மில்லில் இருந்து நின்று, கையில் கிடைத்ததைப் போட்டு, நெல்லித்தோப்பில் ஒரு அறை எடுத்து ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். ஜனங்கள் பிடித்த பாட்டுகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள், நான் கேசட்டில் ஏற்றித் தருவேன். வாசலில் பெரிய பலகை: "இரைச்சல் இல்லாமல் துல்லியமாகப் பதிவு செய்து தரப்படும்." ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு "துல்லியமாக" என்பதை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியதில் தனிப் பெருமை.

துணிப்பையிலிருந்து ஏழு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். "முப்பத்திச் சொச்சம் இருக்குது. ஆனா இந்த ஏழு இல்லாம ஒரு வீடு இருக்கக் கூடாது" என்றார். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் காற்றில் அடிபட்ட இலைபோல ஆடிக்கொண்டிருந்தன.

"நரம்பு. டாக்டரு மாத்திரை குடுக்கறாரு, அது கேக்கல. முள்ளை வைக்கறப்ப ஆடுது. அதான், வார நாளுக்குக் கேசட்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் என் கையால தட்டு. கையைக் கொஞ்சம் சேத்து வச்சுக்கணும் இல்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு எல்லாம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. "கவலையே படாதீங்க முசே" என்றேன். வாடிக்கையாளரிடம் நான் இதைச் சொன்னால் அவர் கவலைப்படத் தொடங்கலாம் என்று பொருள்.

முதல் தட்டைப் போட்டுவிட்டுப் பாடகர் எப்போது பாடுவார் என்று காத்திருந்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஆர்கன் சுற்றிச் சுற்றி வருகிறது, கிடார் வருகிறது, மறுபடியும் ஆர்கன். யாரும் பாடவில்லை. சினிமாப் பாட்டில் முன்னிசை அரை நிமிடம். அமெரிக்காவில் முன்னிசையே எட்டு நிமிடம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாட்டு என்றால் நாலரை நிமிடம் என்பது எங்கள் தொழிலின் கணக்கு. ஆகவே ஒவ்வொன்றையும் நாலரை நிமிடத்தில், வெடுக்கென்று வெட்டாமல், சத்தத்தை மெல்ல மெல்ல இறக்கி மரியாதையாக அனுப்பிவைத்தேன்.

அதோடு விட்டேனா? சில தட்டுகள் எங்கோ ஒரு கிளப்பில், ஆட்களை உட்காரவைத்து வாசித்தவை. நடுநடுவே கை தட்டுகிறார்கள், கிளாஸைக் கீழே வைக்கிறார்கள், ஒருவன் ஊளையிடுகிறான். ஒரு தட்டில் ஊதுகிறவரே வாசிப்பை நிறுத்திவிட்டு ஜனங்களிடம் ஏதோ கதை பேசுகிறார். பலகையில் "இரைச்சல் இல்லாமல்" என்று எழுதியிருக்கிறேனே. மூன்று நாள் உட்கார்ந்து கைதட்டல், கிளாஸ், ஊளை, கதை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டேன். தறியில் இழை அறுந்தால் முடிச்சுத் தெரியாமல் கட்டிப் பழகிய கை. அவ்வளவு சுத்தம். மிஞ்சிய டேப்பை வெறுமையாகக் கொடுப்பது எங்கள் தொழிலில் பாவம். ஏதாவது ஒரு பாட்டைச் சும்மா போட்டு நிரப்பிக் கொடுப்போம். முசே கிறிஸ்தவர் ஆயிற்றே என்று மாதா பாட்டு நான்கைப் போட்டு நிரப்பினேன்.

நாலாம் நாள் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏகாம்பரம், மாதா பாட்டு ஷோக்கா இருந்துது. மத்தவங்கள்லாம் எங்கய்யா போனாங்க?"

"யாரு முசே?"

"கை தட்டனவங்க. கிளாசை வச்சவன். நடுவுல ஒருத்தன் கத்துவானே, அவன்."

"அதெல்லாம் இரைச்சல் முசே. சுத்தம் பண்ணிட்டேன்."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவங்களை வெளிய அனுப்பிட்டு, யாருக்குய்யா வாசிக்கறது?" என்றார். பிறகு, "பாட்டு முடியறது வேற, நிறுத்தறது வேற. அவன் முடிக்கல. நீ நிறுத்திட்ட" என்றார். என் மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து, ஆடுகிற கையால், ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை எழுதியதுபோல எழுதிக் கொடுத்தார்: "இரைச்சலோடு பதிவு செய்யவும். முழுசாக."

இப்படி ஒரு ஆர்டர் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இரண்டாம் முறை வேறு வழியில்லாமல் ஒவ்வொரு தட்டையும் முழுதாகக் கேட்டேன். வெட்ட வேலை இல்லையென்றால் கேட்பதைத் தவிர என்ன செய்வது? இரண்டாவது நாள் மதியம் என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. மூன்றாவது நாள், கிளப்பில் வாசித்த அந்தப் பியானோத் தட்டைப் போட்டேன். பியானோ, பாஸ், டிரம்ஸ், மூன்றே பேர். ஆரம்பத்தில் சாதுவாகப் போவார்கள். ஏழாவது நிமிடத்துக்கு மேல் பியானோக்காரர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பார். விடமாட்டார். ஜனங்கள் கை தட்டத் தொடங்குவார்கள், அவர் இன்னும் அங்கேயே நிற்பார், பிறகு சட்டென்று அடுத்த படிக்கு ஏறுவார். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று கேட்காதீர்கள். தலையில் ஹெட்போன் இருந்தது. அதன் ஒயர் ஆம்பிளிபயரை இழுத்தது. ஆம்பிளிபயர் பிளேயரை இடித்தது. கர்ர் என்று ஒரு சத்தம். முள் தட்டின் குறுக்கே நடந்து போயிருந்தது.

கீறல் மெல்லியதுதான். ஆனால் அந்த இடம் வந்ததும் பியானோ மாட்டிக்கொண்டது. ஒரே சுற்று, திரும்பத் திரும்ப. கேசட்டில் அதுவரைக்கும் பதிவாகியிருந்ததை முந்தின வாரம் முழுதாக ஏற்றிப் பிறகு வெட்டிப் போட்ட மிச்ச டேப்போடு ஒட்டி ஒருமாதிரி சமாளித்தேன். தட்டை உறையில் போட்டேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஒரு தப்புக்கு மன்னித்த மனிதரிடம் மறுவாரமே அடுத்ததைக் கொண்டுபோக எனக்கு முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேசட்டுகளையும் தட்டுகளையும் கொண்டுபோனேன். மதாம் சாப்பாடு போட்டார். மூன்று மணிக்கு முசே ஜன்னலோரம் இருந்த பிளேயரின் மூடியைத் திறந்தார். "கேசட்டுல கேட்ட. இப்ப தட்டுல கேளு" என்று, ஏழு இருக்க, அந்தத் தட்டையே எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முள்ளை இறக்கினார். முள் ஒரு முறை துள்ளி உட்கார்ந்தது. ஏழு நிமிடமும் அவர் கண்ணை மூடியிருந்தார். அந்த இடம் வந்தது. பியானோ மாட்டிக்கொண்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று.

அவர் கண்ணைத் திறந்து தட்டைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"இப்ப வச்சப்பவே துள்ளிச்சு. இழுத்துடுச்சு போல" என்றார். மதாமிடம், "இனிமே இந்தக் கை தட்டைத் தொடக் கூடாது. முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. மூடியை மெதுவாகச் சாத்தினார்.

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். வாயில் மதாம் கொடுத்த கேக் இருந்தது. கேக்கை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று விழுங்கினேன். விழுங்கிய பிறகு வந்த பேச்சு வேறாக இருந்தது. "நான் வந்து வச்சுக் குடுக்கறேன் முசே. ஞாயித்துக்கிழமை எனக்கு இன்னா வேலை?" என்றேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் போவேன், முள்ளை வைப்பேன், அவர் கேட்பார். என் மனைவி சரோஜா மட்டும், "வாரத்துல ஆறு நாளு பாட்டு, ஏழாம் நாளு லீவுக்கும் பாட்டா? புள்ளைங்க மூஞ்சி ஞாபகம் இருக்குதா?" என்று கேட்பாள். மூன்று பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லி நிரூபிப்பேன். ஒருமுறை வரிசை மாறிவிட்டது. அதை அவள் இன்றுவரை விடவில்லை.

அந்த ஏழு தட்டில் இருந்தவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் வேறு. அவர்களின் அமெரிக்கப் பெயர்கள் என் வாயில் நிற்காது என்பதால் எனக்காகவே வைத்தவை. ஆர்கன் வாசிக்கிற ஒருவர் "ஆட்டுக்கல்". இடது கை நிற்காமல் அரைத்துக்கொண்டே இருக்கும், வலது கை தள்ளிவிடும். அந்தத் தட்டில் பாஸ் வாசிப்பது யார் என்று ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். "யாரும் இல்லய்யா, அதும் அவந்தான். காலால" என்று அவர் சொன்ன அன்று நம்பவில்லை, தறியிலும் கைக்கும் காலுக்கும் வேலை உண்டே என்று தோன்றிய பிறகு நம்பினேன். தடித்த குரலில் சாக்ஸபோன் ஊதுகிறவர் "வெல்லப்பாகு". கிடாரைக் கட்டைவிரலால் மட்டும் வருடுகிறவர் "மெத்தை". ஆர்கன் வாசிக்கிற ஒரு பெண்மணியும் உண்டு. அவருக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, "அந்தம்மா" என்று எழுந்து நின்று சொல்லாத குறையாகச் சொல்வார்.

இதெல்லாம் எங்கிருந்து வந்த இசை என்று ஒரு நாள் கேட்டேன். "கோயில்ல கத்துக்கிட்டு, சாராயக் கடையில வாசிக்கறது. ரெண்டு எடத்துலயும் வர்றவங்க ஒரே ஆளுங்கதான், கெழமைதான் வேற" என்றார். உள்ளேயிருந்து மதாம், "இவரு சாராயக் கடைக்குப் போன கெழமை எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

கை தட்டுவதில்தான் நான் அவரிடம் அதிகம் திட்டு வாங்கினேன். நாம் பஜனையானாலும் பாட்டுக் கச்சேரியானாலும் முதல் அடியில் தட்டுகிறவர்கள். அந்தக் கிளப்பில் இருப்பவர்கள் நான்கு அடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் தட்டுகிறார்கள். என் கை ஒன்றிலேயே போய் விழும். "ஒண்ணுல கால் வைக்கறது பட்டாளம்" என்றார் முசே. "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. எவனோ சொல்ல நாம வைக்கறது. இருபத்தஞ்சு வருசம் வச்சாச்சு. இனிமே ரெண்டுலதான் தட்டுவேன். ஒண்ணு அதிகாரிக்கு, ரெண்டும் நாலும் நமக்கு." ஆடுகிற அந்தக் கைகள் தட்டும்போது மட்டும் சரியான இடத்தில் வந்து சேரும். எனக்கு இரண்டும் திடமான கை. பழக ஒன்பது மாதம் ஆயிற்று.

கீறல் விழுந்த தட்டை அவர் எடுக்கச் சொல்வதே இல்லை. அது ஏழில் ஒன்றாக அடியில் கிடந்தது. யாராவது வந்தால், "இவன் என் கை" என்று என்னை அறிமுகப்படுத்துவார். அப்போதெல்லாம் எனக்கு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிடும்.

இப்படி இரண்டு வருடம் போனது. பிறகு மதாமின் தம்பி அல்போன்ஸ் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தார். ஒரு ஞாயிறு நான் உள்ளே நுழைகிறபோது கூடத்தில் அவருடைய பெட்டி திறந்து கிடந்தது. அதில் அப்பளம், வடகம், மிளகாய்ப் பொடி எல்லாவற்றுக்கும் மேலே, மதாமின் பழைய புடவையில் சுற்றி, ஏழு தட்டுகளும் இருந்தன.

"எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் முசே. "அங்க அவனுக்கு நல்ல பிளேயரு இருக்குது, நல்ல கையும் இருக்குது. ஒண்ணைக் கெடுத்தாச்சு. மிச்சத்தையாவது காப்பாத்தணும்."

"நான்தான வைக்கறேன் முசே" என்றேன்.

"நீ வைக்கற. ஆனா தட்டு வூட்டுல இருக்கறப்ப என் கை சும்மா இருக்காதுய்யா. நேத்து ராத்திரி மூடியைத் தொறந்துட்டேன். பயந்துட்டேன்."

அல்போன்ஸ் சிரித்தார். "மச்சான் வச்சா அது ஊசி இல்ல ஏகாம்பரம், ஏரு. உழுதுடுவாரு."

முசேவும் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். மில்லில் வேலை போனபோது என் அப்பா அப்படித்தான் சிரித்தார். எனக்கு அதற்குமேல் கடலைப் பார்க்க முடியவில்லை.

"அது உங்க கை இல்ல முசே" என்றேன். "என் கை. கடையில கீறிட்டேன். அன்னிக்கே கீறிட்டுதான் கொண்டாந்தேன்."

மதாம் காப்பித் தட்டோடு நின்றுவிட்டார். அல்போன்ஸ் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. முசே மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம்" என்றார்.

"ஆமாம் முசே."

"என் கை மேல பழி போட்டுட்டு, என் வூட்லயே கேக்கு துன்னுருக்க."

"ஆமாம் முசே."

"எப்படிக் கீறுன?"

ஹெட்போன், ஒயர், ஆம்பிளிபயர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே கை நீட்டினார். "அதெல்லாம் சரி. ஏன் எழுந்த?"

"தெரியல முசே. அந்த எடம் வந்துது. ஒரே எடத்துல நின்னு அடிச்சிட்டே இருந்து, திடீர்னு மேல ஏறுறாரே, அங்க. உக்காந்திருக்க முடியல."

முசே மெதுவாக நாற்காலியைவிட்டு எழுந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பெட்டிக்குள் கையை விட்டுப் புடவையைப் பிரித்து, அந்தத் தட்டை எடுத்தார்.

"இந்த ஊருக்கு வந்து பத்து வருசம் ஆவுது" என்றார். "எத்தினி பேருக்குப் போட்டுக் காட்டினேன். ஒருத்தனாவது அந்த எடத்துல எழுந்திரிப்பானான்னு பாத்தேன். இவ தூங்கிட்டா. இவ தம்பி மணி பாத்தான்." என்னைப் பார்த்து, "நீ எழுந்துருக்க. அதைச் சொல்லாம ரெண்டு வருசம் மறைச்சிருக்கியே, அதுக்குத்தான் உன்னை ஒதைக்கணும்" என்றார்.

பிளேயர் மூடியை அவரே திறந்தார். நான் உதவிக்குப் போனேன். "தள்ளி நில்லு" என்றார். "ரெண்டு வருசம் சும்மா உள்ள கெடந்த கை இது. விடுதலை ஆயிருக்குது." இடது கையால் பிடிக்கவும் இல்லை. முள் இரண்டு முறை துள்ளியது, ஒரு முறை வழுக்கியது, பிறகு உட்கார்ந்தது. வழுக்கிய இடத்தில் இன்னொரு கீறல் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "இது என்னுது" என்றார் பெருமையாக. ஏழாவது நிமிடம் வந்தது, பியானோ மாட்டியது. அவர் விரலால் முள்ளை லேசாகத் தட்டினார். பியானோ படியேறியது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.

"அப்ப பெட்டியில நான் இன்னா வச்சுக்கறது?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"ஊறுகா வச்சுக்க" என்றார் மதாம்.

அதன் பிறகு ஐந்து வருடம் அவர் கையால்தான் தட்டுகள் ஓடின. அந்தக் கையிலும் அவை மிஞ்சின என்று சொல்ல மாட்டேன். ஏழும் கீறல் பட்டன. "வெல்லப்பாகு" நடுவில் மூச்சு வாங்கினார், "ஆட்டுக்கல்" சில இடங்களில் கல் கடித்தது. புதிதாக ஒன்று விழுந்தால் அந்த இடத்தை எனக்குக் காட்டி, எந்த வாரம் விழுந்தது என்று சொல்வார். "தட்டு எதுக்கு இருக்குது? தேயறதுக்குத்தான். தேயாத தட்டு கடையில இருக்குது, அது யாரையும் எழுப்பல" என்றார் ஒருமுறை. அந்த ஐந்து வருடத்தில் அவர் தன் கையைப் பார்த்து நின்றதை நான் பார்க்கவில்லை. நான் போவேன், உட்காருவேன், கேட்பேன், அவ்வளவுதான் என் வேலை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். கடைப் பலகையில் முதல் இரண்டு வார்த்தைகளை அழித்துவிட்டேன். இப்போது "துல்லியமாகப் பதிவு செய்து தரப்படும்" என்று மட்டும் இருக்கிறது. கல்யாண வீட்டுக் கேசட்டில் யாராவது தும்மினால் விட்டுவிடுகிறேன். போன மாதம் மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் எல்லோரும் ஒன்றில் தட்ட, நான் இரண்டிலும் நான்கிலும் தட்டினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் மேடையிலிருந்தே முறைத்தாள். "அப்பா, உனக்குத் தாளமே தெரியாதா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அதை விளக்க முசே வேண்டும்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, மதாம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அழுது ஓய்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செஞ்ச தப்புக்கு ஏழு வருசம் ஒரு வாரம் விடாம வந்து பரிகாரம் பண்ணிட்ட ஏகாம்பரம்" என்றார். "யாரு இப்படிச் செய்வாங்க? அவரு சந்தோசமாத்தான் போனாரு. போதும்பா. இனிமே ஞாயித்துக்கிழமையில உம் பொண்டாட்டி புள்ளைங்களோட இரு."

"சரிங்க மதாம்" என்றேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்து ஒரு முறை திரும்பக்கூடப் பார்த்தேன். ஆனாலும் வாயைத் திறந்து சொல்லவில்லை:

பரிகாரத்துக்கு வந்தது முதல் ரெண்டு மாசந்தான் மதாம். மிச்சமெல்லாம் நான் ஆசைக்கு வந்தது.